அக்கரைத் தீர்ப்பு இக்கரையில் செல்லுமா? தனியார் பன்னாட்டுச் சட்டம்: ஓர் எளிய அறிமுகம்

கீழக்கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாப்பா தவறிவிட்டார். உம்மா ஊரில். மூத்த மகன் சிங்கப்பூரில், இளையவர் ஷார்ஜாவில். மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்து, அவர் இலங்கைக் குடிமகளாகவே ஆகிவிட்டார். ஊரில் வீடு, உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, கொழும்புக் கடையில் பங்கு, சிங்கப்பூர் வங்கியில் வாப்பாவின் சேமிப்பு. பிள்ளைகளுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனாலும் தோப்பை விற்றுப் பங்கு பிரிக்கலாம் என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனால், நான்கு நாட்டுச் சட்டங்களும் அந்த மேசைக்கு வந்துவிடும்.

ஒரு குடும்பக் காரியமோ வியாபாரமோ ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளைத் தொடும்போது எந்த நாட்டு விதியைப் பார்ப்பது என்று சொல்லும் துறைதான் தனியார் பன்னாட்டுச் சட்டம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, வெளிநாட்டில் ஆள் இல்லாத தெரு குறைவு. அதனால் இந்தத் துறையின் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அதன் நடுவில்தான் வாழ்கிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பன்னாட்டுச் சட்டம் என்றதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கச்சத்தீவும், பிடிபடும் படகுகளும்தான். 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை பற்றிச் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அரசுக்கும் அரசுக்கும் இடையிலானவை. அது பொதுப் பன்னாட்டுச் சட்டம். ராமேசுவரத்து விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டால் இலங்கையின் 1979-ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தின்படி வழக்கு நடக்கும். 2018-இல் அதில் அபராதத்தைக் கடுமையாக உயர்த்தினார்கள். அது குற்றவியல். நாம் இங்கே பேசுவது தனி மனிதருக்கும் தனி மனிதருக்கும் இடையில் வரும் சங்கதிகள்: கல்யாணம், மணமுறிவு, பிள்ளை, சொத்து, கடன், வியாபார ஒப்பந்தம்.

இன்னொன்று. 'பன்னாட்டு' என்ற சொல்லைப் பார்த்து, உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு சட்டப் புத்தகம் எங்கோ இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு நாடும் தனக்கென்று இந்த விதிகளை வைத்திருக்கிறது. இந்தியாவில் அவை ஒரே சட்டத்தில் இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கொஞ்சம், வாரிசுரிமைச் சட்டத்தில் கொஞ்சம், பதிவுச் சட்டத்தில் கொஞ்சம், மீதி உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் என்று சிதறிக் கிடக்கின்றன.

மூன்று கேள்விகள்

எந்த வழக்கு வந்தாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். வழக்கை எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம்? விசாரிக்கிற நீதிமன்றம் எந்த நாட்டுச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும்? கிடைத்த தீர்ப்பு அடுத்த நாட்டில் செல்லுமா?

முதல் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ராமநாதபுரம் நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்துக்கொண்டே, அதில் ஒரு பகுதிக்கு இலங்கைச் சட்டத்தைப் பயன்படுத்த நேரலாம். அப்போது இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை, ஒரு சாட்சியத்தை நிரூபிப்பதுபோல, கட்சிக்காரர்தான் நிரூபித்துக் காட்ட வேண்டும். நீதிபதிக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட முடியாது.

எந்தச் சட்டம் என்பதில் மிகப் பழைய விதி, நிலம் எந்த நாட்டில் கிடக்கிறதோ அந்த நாட்டுச் சட்டம் என்பது. உச்சிப்புளித் தோப்புக்கு இந்தியச் சட்டம்தான். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் சரி. அசையும் சொத்துக்கு, அதாவது வங்கிப் பணம், நகை, பங்கு போன்றவற்றுக்கு, இறந்தவரின் நிரந்தர வாழிடம் எதுவோ அந்த நாட்டுச் சட்டம். நிரந்தர வாழிடம் என்றால் வேலைக்குப் போன இடம் இல்லை. கடைசிவரை இதுதான் என் ஊர் என்று எண்ணி இருந்த நாடு. இருபது வருடம் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தவருக்கும் நிரந்தர வாழிடம் கீழக்கரையாக இருக்கலாம். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு இதைத்தான் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவு இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நேரடியாகப் பொருந்தாது. தங்கச்சிமடம், பாம்பன் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு இதே கொள்கையை நீதிமன்றங்கள் பொது விதியாகக் கையாளுகின்றன.

அக்கரையில் நிலம் இருந்தால் சங்கதி இன்னும் நுணுக்கமானது. இலங்கைக்குள்ளேயே பல சட்டங்கள் ஓடுகின்றன: பொதுவாக ரோமன்-டச்சுச் சட்டம், கண்டிச் சட்டம், முஸ்லிம் சட்டம், யாழ்ப்பாணத் தமிழர்களுக்குத் தேசவழமை. தேசவழமையில் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிப்பார்கள்; முன்னோரிடமிருந்து வந்தது, பெண்ணுக்குக் கொடுத்தது, கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது. இணைப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட பெண், அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அவர் தேசவழமைக்கு உட்பட்டவர் இல்லை என்று 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண்ணை இங்கே மருமகளாகக் கொண்டுவந்த குடும்பத்துக்கு இந்த ஒரு வரி, அவர் பெயரில் அங்கே உள்ள காணியின் கதையையே மாற்றிவிடும்.

நம் கொழும்பு மகளுக்குத் திரும்புவோம். இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்தை வாங்கவோ கைமாற்றவோ ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்பது அன்னியச் செலாவணி விதி. ஐந்து ஆண்டுக்கு மேற்படாத குத்தகைக்கும், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கும் விலக்கு உண்டு. சிங்கப்பூர் மகனையும் ஷார்ஜா மகனையும் இந்த விதி தொடாது. கையெழுத்துப் போட எல்லோரும் தயாராக இருந்தும் தோப்பு விற்பனை மாதக்கணக்கில் நிற்பது பெரும்பாலும் இப்படி ஒருவருடைய குடியுரிமையை முன்கூட்டியே கேட்காமல் விட்டதால்தான்.

பக்கத்து நாடு ஏன் தூரமாக இருக்கிறது

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் வரை, சென்னையில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். ஆனால் நீதிமன்றக் கணக்கில் சிங்கப்பூர் நமக்குப் பக்கம், மன்னார் தூரம்.

காரணம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு. மத்திய அரசு சில நாடுகளை 'பரஸ்பர ஆட்சிப்பகுதி' என்று அரசிதழில் அறிவிக்கிறது. அந்த நாட்டின் மேல்நிலை நீதிமன்றம் தந்த பணத் தீர்ப்பாணையை நம் மாவட்ட நீதிமன்றம், தானே தந்தது போல எடுத்து நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், வங்கதேசம், நியூசிலாந்து, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இலங்கை இல்லை.

நடைமுறையில் இந்த வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் ஒரு பரமக்குடி வியாபாரி பணம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்துவிட்டால், ஜெயித்தவர் இரண்டு தாள்களோடு ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு வரலாம்: தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல், அதில் எவ்வளவு வசூலாகிவிட்டது என்று அதே நீதிமன்றம் தந்த சான்றிதழ். நிறைவேற்று மனு போட வேண்டியதுதான். இரண்டாவது சான்றிதழை மறந்து வருகிறவர்கள் அதிகம். அது இல்லாமல் மனு நகராது.

கொழும்பு நீதிமன்றத் தீர்ப்போடு வருகிறவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பையே அடிப்படையாக வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். தீர்ப்பு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது காலவரைச் சட்டம். கோரும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணமும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் குறைத்த பிறகு அது 3 சதவீதம். அதன் பிறகு அழைப்பாணை, எழுத்து வாக்குமூலம், விசாரணை எல்லாம் முதலிலிருந்து. மூன்று ஆண்டு என்பது மேல்முறையீடு, சமரசப் பேச்சு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஓடிவிடும்.

இலங்கைப் பக்கம் 2024-இல் வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பரஸ்பர அடிப்படையில் பதிவு செய்து நிறைவேற்ற ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. அதுவும் எந்த நாடுகளுக்குப் பொருந்தும் என்பதை அறிவிக்கைதான் முடிவு செய்யும். இந்த அறிவிக்கை என்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். இந்தியாவும் அமீரகமும் நீதித்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1999 அக்டோபரில். அமீரகத்தைப் பரஸ்பர ஆட்சிப்பகுதியாக இந்தியா அரசிதழில் அறிவித்தது 2020 ஜனவரி 17-இல். இடையில் இருபது ஆண்டு. கையெழுத்து அரசுகளைக் கட்டும். நீதிமன்றப் படியில் நிற்பவருக்கு அரசிதழ் அறிவிக்கைதான் கதவைத் திறக்கும்.

எந்த வழியில் வந்தாலும் வெளிநாட்டுத் தீர்ப்பு, அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு என்ற சல்லடையைத் தாண்ட வேண்டும். அதில் ஆறு கண்கள். அதிகாரம் இல்லாத நீதிமன்றம் தந்தது, வழக்கின் உள்விவரத்துக்குள் போகாமல் தந்தது, பன்னாட்டுச் சட்டத்தைத் தவறாகப் புரிந்தோ பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தோ தந்தது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் இயற்கை நீதிக்கு மாறாகத் தந்தது, மோசடியால் பெற்றது, இந்தியச் சட்டத்தை மீறியதால் வந்த உரிமையை நிலைநாட்டுவது. இவற்றில் ஒன்றில் சிக்கினாலும் தீர்ப்பு இங்கே இறுதியானது ஆகாது.

குடும்ப வழக்குகளில் இந்தச் சல்லடை மிக நெருக்கமாக இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் கணவர் அங்கேயே ஒருதலைப்பட்சமாக மணமுறிவு வாங்கி, தாளை ஊரில் உள்ள மனைவிக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது பெரிய தவறு. 1991-இல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் விதியைத் தெளிவாக்கியது: இரண்டு பேரும் எந்தச் சட்டத்தின்படி மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும், அது ஏற்கும் காரணமும் வேண்டும், அல்லது மனைவி தானாக அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்கை நடத்தியிருக்கவோ தீர்ப்புக்குச் சம்மதித்திருக்கவோ வேண்டும். ஆகவே தபாலில் வந்த தாளைப் பார்த்துப் பயந்து எதிலும் கையெழுத்திட வேண்டாம். அந்தக் கையெழுத்தே சம்மதமாகிவிடலாம்.

ஒரு தாள் கடல் கடப்பது எப்படி

வழக்கே இல்லாதவர்களுக்கும் தேவைப்படுவது இந்தப் பகுதி. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பட்டம், இறப்புச் சான்று: இவை வெளிநாட்டில் செல்ல வேண்டுமானால் அவற்றில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். முன்பு தாசில்தார், மாநிலத் துறை, டெல்லி, தூதரகம் என்று சங்கிலியாகப் போகும். அதைச் சுருக்க 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் வந்த ஒப்பந்தம் கொண்டுவந்த ஒற்றைச் சான்றுதான் அப்போஸ்டில். இந்தியாவுக்கு 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது.

அப்போஸ்டிலைக் கையில் வைத்துப் பாருங்கள். குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். நம் நாட்டில் ஆவணத்தின் பின்புறம் ஒட்டுத்தாளாக ஒட்டுவார்கள். அதில் பத்து எண்ணிட்ட வரிகள். எந்த நாட்டு ஆவணம், யார் கையெழுத்திட்டது, என்ன பதவியில், யாருடைய முத்திரை, எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் சான்றளித்தது, வரிசை எண், முத்திரை, கையெழுத்து. எந்த நாட்டில் போட்டாலும் இந்தப் பத்தும் இதே வரிசையில்தான் இருக்கும். மொழி தெரியாத அதிகாரியும் மூன்றாவது வரியில் பதவி இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். இது ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. கையெழுத்து உண்மை, அவ்வளவுதான். பிறந்த தேதி தப்பாக இருந்தால் அப்போஸ்டில் ஒட்டிய பிறகும் தப்புத்தான்.

வழி இப்படி: ஆவணம் முதலில் மாநில அரசின் உரிய துறையில் சரிபார்க்கப்பட வேண்டும். பிறகு வெளியுறவு அமைச்சகம் நியமித்த சேவை முகமை வழியாக அமைச்சகத்துக்குப் போகும். சென்னையிலும் இதற்கு வசதி உண்டு. அரசுக் கட்டணம் ஆவணத்துக்கு 50 ரூபாய், முகமையின் சேவைக் கட்டணம் தனி. இதற்குப் பல ஆயிரம் கேட்கிற தரகரிடம், எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதலும், சவூதியில் 2022 டிசம்பர் 7 முதலும் அப்போஸ்டில் செல்லும். ஓமன், பஹ்ரைன் அதற்கு முன்பே சேர்ந்தவை. அமீரகம், கத்தார், குவைத், இலங்கை ஆகியவை இந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றவை; அங்கே பழைய சங்கிலிதான். ஒப்பந்தப் பட்டியலில் புது நாடுகள் சேர்ந்துகொண்டே இருப்பதால் பணம் கட்டுமுன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இலங்கைக்குப் போகும் ஆவணம் வெளியுறவு அமைச்சகச் சான்றுக்குப் பிறகு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போகும். இலங்கையிலிருந்து இங்கே வரும் ஆவணம் கொழும்பு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் சான்று பெற்று, இந்தியத் தூதரகத்தின் கையொப்பத்தோடு வர வேண்டும்.

இந்தக் கரையில் திரும்பத் திரும்ப வரும் தடங்கல்கள் சில உண்டு. ஜமாஅத் பதிவேட்டின் நிக்காஹ் சான்றும், தேவாலயத்தின் ஞானஸ்நானச் சான்றும் அரசு ஆவணங்கள் இல்லை. அவற்றுக்கு நேரடியாக அப்போஸ்டில் வாங்க முடியாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி திருமணத்தைப் பதிந்து, அந்தச் சான்றுக்குத்தான் வாங்க வேண்டும். கல்யாணம் ஆன 90 நாளுக்குள் பதிந்துவிட்டால் பின்னால் அலைய வேண்டாம். பழைய பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்; முதலில் பெயரைச் சேர்க்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் காலை வாருவது பெயரின் முன்னெழுத்து. பட்டத்தில் முன்னெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் முழுதாக, அக்கரைத் திருமணச் சான்றில் அது குடும்பப் பெயராக. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். வேற்று நாட்டு அதிகாரிக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய நல்ல நேரம், யாரும் அவசரமாகக் கேட்காத நேரம்.

அதிகாரப் பத்திரம், ஊர் வழக்கில் பவர், தனியாகச் சொல்ல வேண்டியது. ஷார்ஜா மகன் தோப்பு விற்பனைக்கு வர முடியாவிட்டால் அங்கேயே பவர் எழுதி அனுப்பலாம். பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, வெளிநாட்டில் இருப்பவரின் பவர் நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, இந்தியத் தூதரக அதிகாரி இவர்களில் ஒருவர் முன்னிலையில் எழுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்கிறது. வளைகுடாவில் தூதரகத்தில் போடுவதே சுலபம். இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்; தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளரிடம் கொடுத்து அதைத் தீர்மானித்து வாங்குவார்கள். வந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். எந்த நாளில் வந்தது என்பதற்கு அதன் தபால் முத்திரைதான் அத்தாட்சி.

எழுத்தில் புல எண், பரப்பு, நான்கு எல்லை, மூலப் பத்திர எண், விற்கும் அதிகாரம், பணம் பெறும் அதிகாரம் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். "என் சொத்துகளை நிர்வகிக்க" என்று பொதுவாக எழுதிய பவரை வைத்து விற்க முடியாது. பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துபோகும். அதனால்தான் பதிவின்போது அவர் உயிருடன் இருப்பதற்கான சான்று கேட்கிறார்கள். அதற்கும் காலக்கெடு உண்டு, பதிவுத் தேதிக்குச் சற்று முன்பு வாங்கினால் போதும்.

அழைப்பாணை

வழக்குத் தாளை எல்லை தாண்டிச் சேர்ப்பதற்கு 1965-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. இதில் இந்தியாவும் இருக்கிறது, 2007 ஆகஸ்ட் 1 முதல். இலங்கையும் இருக்கிறது, 2001 முதல். இரண்டு கரைக்கும் பொதுவான சில பாலங்களில் இது ஒன்று. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மைய அதிகாரி. நமக்கு டெல்லியில் சட்ட அமைச்சகம். கோரிக்கைப் படிவமும் வழக்குத் தாளும் இரண்டு இரண்டு பிரதி அவர்களுக்குப் போகும்; அவர்கள் உள்ளூர் நீதிமன்றம் வழியாகச் சேர்த்து, சேர்த்ததற்கான சான்றைத் திருப்பி அனுப்புவார்கள்.

இதில் இந்தியா போட்ட இரண்டு நிபந்தனைகள் முக்கியம். தபால் மூலம் நேரடியாக அனுப்புவதை இந்தியா ஏற்கவில்லை. கொழும்பு நீதிமன்றத்திலிருந்து தொண்டிக்குப் பதிவுத் தபாலில் வந்த அழைப்பாணை முறைப்படி சேர்ந்ததாக ஆகாது. அதை வைத்து ஒருதலைத் தீர்ப்பு வந்தால், மேலே சொன்ன சல்லடையில் இயற்கை நீதிக் கண்ணில் அது மாட்டும். ஆனால் வந்த தாளைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அக்கரையில் சொத்து இருந்தால் அந்தத் தீர்ப்பு அங்கே நிறைவேறும். இங்கே செல்லாது என்பது அங்கே காப்பாற்றாது.

இரண்டாவது நிபந்தனை, கோரிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆங்கில மொழிபெயர்ப்போடு வர வேண்டும். மன்னார் நீதிமன்றம் தமிழில் நடக்கிறது. ராமநாதபுரத்தில் கீழமை நீதிமன்ற மொழியும் தமிழ். தமிழில் எழுதிய அழைப்பாணை, தமிழ் படிக்கும் ஒருவருக்குச் சேர, ஆங்கிலத்தின் வழியாக, டெல்லியைச் சுற்றி வருகிறது. மாதங்கள் ஆகும். ஆறு மாதம் காத்திருந்தும், முயன்றும், சேர்ப்புச் சான்று வராவிட்டால் விசாரணை நீதிமன்றம் மேலே போகலாம் என்று ஒப்பந்தத்தின் 15-ஆம் விதி இடம் கொடுக்கிறது.

அரசுகள் கூடி என்ன செய்ய முடியும்

மேலே சொன்ன ஹேக் ஒப்பந்தங்களை உருவாக்கும் அமைப்பான ஹேக் மாநாடு 1893-இல் டோபியாஸ் ஆசர் என்ற நெதர்லாந்துச் சட்ட அறிஞரின் முயற்சியில் முதன்முதலில் கூடியது. அந்தப் பணிக்காக அவருக்கு 1911-இல் அமைதிக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இலங்கை 2001-இலும் இந்தியா 2008-இலும் உறுப்பினரானவை. ஆனால் உலகம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம் என்பது மெதுவாகத்தான் நகரும். அதனால் ஒரே வட்டாரத்து நாடுகள் தங்களுக்குள் கூடிச் செய்துகொள்ளும் வழி பல இடங்களில் வேகமாகப் பலன் தந்திருக்கிறது.

லத்தீன் அமெரிக்க நாடுகள் 1928-இலேயே ஹவானாவில் புஸ்தமாந்தே தொகுப்பு என்ற பொதுவான தனியார் பன்னாட்டுச் சட்டத் தொகுப்பை ஏற்றன. 1975-இல் பனாமாவில் கூடிய முதல் சிறப்பு மாநாட்டில் வெளிநாட்டில் பயன்படும் அதிகாரப் பத்திரம், நீதிமன்ற வேண்டுகோள் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சிறு ஒப்பந்தம் செய்தார்கள். 1997 முதல் அமெரிக்கக் கண்டங்களின் நீதித்துறை அமைச்சர்கள் கூடிப் பேசுகிறார்கள். ஐரோப்பாவில் 1968-இன் பிரசல்ஸ் ஒப்பந்தத்தில் தொடங்கி, 2015 ஜனவரி 10 முதல், ஒரு உறுப்பு நாட்டின் உரிமையியல் தீர்ப்பை அடுத்த நாட்டில் நிறைவேற்றத் தனி அனுமதித் தீர்ப்பே தேவையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

நம் பக்கம் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985-இல் பிறந்தது. 2005-இல் டாக்காவில் நடுவர் மன்றம் அமைக்க ஒப்பந்தம், 2008-இல் கொழும்பில் குற்ற வழக்குகளில் பரஸ்பர உதவிக்கு ஒப்பந்தம். 2014-இல் காத்மண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடு கூடவில்லை. வங்காள விரிகுடா வட்டார நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பும் 2022-இல் கொழும்பில் குற்ற வழக்குகளுக்கான உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. குற்றவாளியைப் பிடிக்க அரசுகள் கைகோத்துவிட்டன. ஜீவனாம்சம், பாகப்பிரிவினை, மணமுறிவு ஆகியவற்றுக்கு அப்படி ஒன்று இந்த வட்டாரத்தில் வரவில்லை. குற்ற வழக்கில் உதவி வேண்டுவது அரசு. குடும்ப வழக்கில் வேண்டுவது ஒரு தாய் அல்லது ஒரு கடைக்காரர், அவருக்காகப் பேச்சு மேசையில் யாரும் உட்காருவதில்லை. ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனித் திருமணச் சட்டம் இருப்பதால் பொது விதி எழுத அரசுகள் தயங்குகின்றன என்பதும் உண்மை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒன்றாக்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. பனாமா வழியைப் பாருங்கள்: சிறியதாகத் தொடங்கலாம். இரண்டு கரைக்கும் பொதுவான ஒரு பவர் படிவம், தமிழிலேயே. ஜீவனாம்ச உத்தரவுகளை மாவட்ட நீதிமன்றங்கள் நேரடியாகப் பதிந்து வசூலிக்கும் வழி. இலங்கையை 44ஏ பட்டியலில் சேர்க்க ஓர் அறிவிக்கை, இந்தியாவுக்காக அங்கே ஓர் அறிவிக்கை. இவற்றில் எதற்கும் கடல் எல்லைத் தகராறு தீரும்வரை காத்திருக்க அவசியம் இல்லை.

மண்டபத்தில் நண்டோ கணவாயோ ஏற்றுமதி செய்கிறவருக்கு இடைக்காலத்தில் ஒரு வழி கையிலேயே இருக்கிறது: ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம், தகராறு வந்தால் எந்த ஊரில் நடுவர் தீர்ப்பு என்று இரண்டு வரி எழுதிக்கொள்வது. நடுவர் தீர்ப்புகளுக்கு 1958-இன் நியூயார்க் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 1960-இலும் இலங்கை 1962-இலும் ஏற்றவை. சரக்குப் பட்டியலின் பின்பக்கம் பொடி எழுத்தில் வாங்குபவர் அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் கையெழுத்திட்டால் அந்த இரண்டு வரியையும் அவரே எழுதியதாகிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் இந்த வழி உதவாது. பெற்றோரில் ஒருவர் மற்றவரின் சம்மதமின்றிப் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கு விரைவாகத் திருப்பி அனுப்ப 1980-இன் ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. இலங்கை 2001-இல் சேர்ந்து தனிச் சட்டமும் செய்தது. இந்தியா சேரவில்லை. ஆகவே இரண்டு கரைக்கும் இடையில் அது வேலை செய்யாது. கொழும்பிலிருந்து பிள்ளை கீழக்கரைக்கு வந்துவிட்டால், அங்கே நிற்கும் தாயோ தகப்பனோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும், அல்லது இங்குள்ள குடும்ப வழக்கு நீதிமன்றத்தில் பொறுப்புரிமை கேட்க வேண்டும். கொழும்பு நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தால் அதைக் காட்டலாம். ஆனால் பிள்ளையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு பார்க்க வேண்டியவற்றில் ஒன்று என்று 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவோடு பிள்ளையின் பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, அங்கே வாழ்ந்ததற்கான தாள்கள் எல்லாம் சான்றோடு வர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பிள்ளை இந்த ஊரில் வேரூன்றிவிட்டது என்ற வாதத்துக்குப் பலம் சேர்க்கும். அதனால் தூதரகச் சான்று முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், கையில் இருக்கும் நகல்களோடு மனுவைப் போட்டுவிட்டு, சான்றிட்டவற்றைப் பின்னால் தாக்கல் செய்ய அனுமதி கேட்பார்கள்.